பிளான் பார்க்கும் ஏபிஐ ஆவணத்தில் 402 எதற்கு?

நிரல்மேகம்:
ஒரு ஒர்க்ஸ்பேஸ் (ஒரு குழுவின் கணக்கு) எந்தச் சந்தாவில் இருக்கிறது என்று இன்னொரு நிரலுக்குச் சொல்லும் ஏபிஐக்கு ஆவணம் எழுதுவது பற்றி கடைசிக்கமிட் ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி: "இலவச பிளானில் இருக்கும் ஒர்க்ஸ்பேஸுக்கு 402 வரும் என்று குறிப்பிடுங்கள்." 402 என்பது பணம் கட்ட வேண்டும் என்று சர்வர் அனுப்பும் எச்டிடிபி பிழை எண். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என்ன பிளான் என்று கேட்டேன், இலவசம் என்று பதில் வந்தது. இதில் பிழை எங்கே? எல்லாம் சரி என்று சொல்லும் 200 கொடுத்து, ஜேசான் வடிவத் தரவில் பிளான் பெயரை அனுப்பினால் போதும்.

கடைசிக்கமிட்:
402 என்றால் பணம் கட்ட வேண்டும். இலவசத்தில் இருப்பவர் பணம் கட்டவில்லை. இதில் என்ன குழப்பம்? இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப்பும்தான் 402 அனுப்புகிறது. அவர்களுக்கும் ஏபிஐ தெரியாதா?

நிரல்மேகம்:
ஸ்ட்ரைப் ஆவணத்தை முழுதாகப் படியுங்கள். பாராமீட்டர் எல்லாம் சரி, ஆனாலும் கோரிக்கை நிறைவேறவில்லை என்ற இடத்துக்குத்தான் அங்கே 402. பிளானைக் கேட்டதில் எது நிறைவேறாமல் போனது? எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆவணமாக 1997இல் வந்த ஆர்எஃப்சி 2068இலேயே 402 எதிர்காலத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110இலும் அப்படியேதான் இருக்கிறது.

பழையசர்வர்:
இரண்டு பேர் சொல்வதும் தவறு, 403தான் சரி. சர்வருக்குக் கோரிக்கை புரிகிறது, ஆனால் மறுக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நிரல்மேகம்:
403 என்பது கோரிக்கையோடு வரும் டோக்கனுக்கு பில்லிங் விவரத்தைப் படிக்கும் ஸ்கோப், அதாவது அனுமதி, இல்லாதபோது வர வேண்டியது. இலவசத்துக்கும் அதையே கொடுத்தால், கிளையன்ட், அதாவது ஏபிஐயை அழைக்கும் நிரல், எழுதுபவர் திரையில் எதைக் காட்டுவார்? அட்மினிடம் அனுமதி கேளுங்கள் என்றா, பிளானை உயர்த்துங்கள் என்றா?

அரைப்புள்ளி:
ஒரு சந்தேகம். பிளானைப் பார்ப்பது என்று நாம் எதைச் சொல்கிறோம்? பிளான் பெயரைப் படிப்பதையா, ஒரு வசதியைத் தொடும்போது பிளான் போதாது என்று தடுப்பதையா? இரண்டும் வேறு வேறு எண்ட்பாயின்ட் (ஏபிஐயில் அழைக்கும் முகவரி) அல்லவா?

கடைசிக்கமிட்:
அதெல்லாம் அப்புறம். 402 தவறு என்றவர் முதலில் நிரூபிக்கட்டும். பேஜினேஷன் (முடிவுகளைப் பக்கம் பக்கமாகத் தருவது) பற்றிய பழைய விவாதத்திலும் நிரல்மேகம் இப்படித்தான் ஆர்எஃப்சி எண்களை அடுக்கினார். கேட்ட கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

நிரல்மேகம்:
பேஜினேஷனை இங்கே இழுக்க வேண்டாம். அன்று சொன்னதில் இன்றும் நிற்கிறேன். இந்த 402 சண்டை ஒருபுறம் இருக்கட்டும், ஆவணத்தில் உண்மையிலேயே இருக்க வேண்டியது எதுவும் உங்கள் வழிகாட்டியில் இல்லை. பிளான் ஃபீல்டில் என்னென்ன மதிப்பு வரும்? நாளைக்குப் புதிய பிளான் வந்தால் தெரியாத மதிப்பை கிளையன்ட் எப்படிக் கையாள வேண்டும்? டிரையலில் இருப்பவருக்கு எந்தப் பெயர் வரும்? சந்தாவை ரத்து செய்தும் மாதக் கடைசி வரை காலம் மிச்சம் இருப்பவருக்கு? பிளானை உயர்த்திய நொடியே பதில் மாறுமா, கேஷில் (தற்காலிகமாகச் சேமித்த நகலில்) பழையது இருக்குமா? விற்பனைப் பக்கத்தில் இருக்கும் பிளான் பெயரை மார்க்கெட்டிங் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். ஏபிஐ தரும் மதிப்பு அதோடு சேர்ந்து மாறினால் அதை நம்பி எழுதிய கோட் எல்லாம் உடையும். இதில் ஒன்றுக்காவது ஒரு வரி எழுதினீர்களா? எழுதியது 402 மட்டும்.

காலிப்பெட்டி:
குழு அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் இதே வேலைக்கு டீம் டாட் பில்லிங் டாட் இன்ஃபோ என்று ஒரு மெத்தட் இருக்கிறது. பிழை வந்தாலும் பெரும்பாலும் 200தான், உள்ளே ஓகே என்ற ஃபீல்டில் ஃபால்ஸ் இருக்கும். ஏஐ மாடல் நேரடியாக அழைக்கும் எம்சிபி டூலாகக் கொடுத்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. டூல் ஓடும்போது வரும் பிழையை இஸ்எரர் என்ற குறியோடு முடிவுக்குள்ளேயே வைக்கலாம். டூலை எப்போது அழைக்க வேண்டும் என்று மாடலுக்குப் புரியும்படி விளக்கம் எழுதுவதுதான் இப்போது முக்கியம்.

பழையசர்வர்:
மனிதருக்கே ஒழுங்காக ஆவணம் எழுதாதவர்கள் மாடலுக்கு எழுதக் கிளம்பிவிட்டார்கள். பிழைக்கு 200 அனுப்பினால் மானிட்டரிங்கில் எல்லாம் பச்சையாகத் தெரியும். நடுராத்திரி அலாரம் அடிக்காது, காலையில் வாடிக்கையாளர்தான் அடிப்பார்.

காலிப்பெட்டி:
ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கும் மானிட்டரிங் வைத்திருப்பது உங்கள் பிரச்சினை.

பழையசர்வர்:
நீங்கள் புரொடக்‌ஷனில் எதையாவது ஓட்டியிருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

அரைப்புள்ளி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நிரல்மேகம்:
கடைசிக்கமிட், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். 402 வந்தால் பெரும்பாலான கிளையன்ட் லைப்ரரிகள் எக்ஸெப்ஷன் எறியும், அதாவது பிழை என்று நிரலின் வழக்கமான ஓட்டத்தை முறிக்கும். இலவசப் பயனர் ஒவ்வொருவருக்கும் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்போதெல்லாம் எக்ஸெப்ஷன் வர வேண்டுமா?

கடைசிக்கமிட்:
அந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்க கேட்ச் போடத் தெரியாதவருக்கு நான் வழிகாட்டி எழுதவில்லை. 402 அப்படியேதான் இருக்கும்.

நிரல்மேகம்:
அப்படியானால் டிரையல் முடிந்து இலவசத்துக்கு இறங்கிய ஒர்க்ஸ்பேஸுக்கும், கார்டு மறுக்கப்பட்ட ஒர்க்ஸ்பேஸுக்கும் என்ன கோட்?

கடைசிக்கமிட்:
402.

நிரல்மேகம்:
இரண்டுக்குமா?

பழையசர்வர்:
403 என்று முதலிலேயே சொன்னேன்.