பைக்குக்கும் ஸ்மால்மவுத்துக்கும் நீங்கள் என்ன ஃப்ளை கட்டுகிறீர்கள்?

மினியாபொலிஸ்வாசி:

ஜூனில் மினசோட்டா-கனடா எல்லையோர ஏரிக்காடான பவுண்டரி வாட்டர்ஸ் பக்கம் போகிறோம், பைக், ஸ்மால்மவுத் பாஸ் என்ற இரண்டு மீனுக்கும் பெட்டியில் என்னென்ன ஃப்ளை (முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்யும் போலி இரை) வைக்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் அவரவர் ஏரிக் கதையைப் போடுங்கள்.

கடையில் போய் நின்றால் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும். பச்சை, மஞ்சள், மினுமினுப்பு என்று நம்மைப் பிடிக்கத்தான் பாதி ஃப்ளை கட்டியிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நான் கையில் எடுத்ததும் யோசிப்பது, தண்ணீரில் இழுத்துக்கொண்டே வந்து சட்டென நிறுத்தினால் இது என்ன செய்யும் என்பதைத்தான். மேலே வருமா, அந்தரத்தில் நிற்குமா, தலைகுப்புற இறங்குமா? இந்த மூன்று வகையிலும் இரண்டிரண்டு இருந்தால் போதும், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஈலி ஊரிலிருந்து கனூப் படகில் பாஸ்வுட் ஏரிக்குப் போயிருந்தோம். மினசோட்டாவின் பைக் சாதனை இன்னும் அந்த ஏரி பெயரில்தான் இருக்கிறது, 1929-ல் பிடித்த 45 பவுண்டு 12 அவுன்ஸ் மீன். எங்களுக்கு அப்படி எதுவும் மாட்டவில்லை. களை முளைக்கத் தொடங்கியிருந்த ஓர் ஆழமில்லாத வளைகுடாவில் டிசீவர் என்கிற வெள்ளை இறகு ஃப்ளை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தேன், பின்னாலேயே ஒரு பைக் வந்தது. அவசரமே இல்லை. கனூவுக்கு ஒரு துடுப்பு நீளம் இருக்கும்போது அதுவும் நின்றது, பக்கத் துடுப்புகள் மட்டும் விசிறிக்கொண்டிருந்தன, செவுள் திறந்து மூடுவதுகூடத் தெரிந்தது. நான் இழுப்பதை நிறுத்தினேன். ஃப்ளை பக்கவாட்டில் திரும்பி, வால் இறகுகள் மெதுவாக விரிந்தன. அவ்வளவுதான், வெள்ளை நிறம் காணாமல் போய்விட்டது. வாய் திறந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. பைக் இரையைக் குறுக்கே கவ்வி, பிறகு திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும் ஜாதி. அதனால் விலாவைக் காட்டும் ஃப்ளையை அதால் விடவே முடியாது. ஒரே வேகத்தில் நேராக இழுத்தால் பின்னாலேயே வந்து, கனூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

டிசீவரில் இன்னொரு வசதி, அதன் நீள இறகுகளை முள்ளின் பின்பக்கத்திலேயே கட்டுவார்கள், வீசும்போது முள்ளில் சுற்றிக்கொள்வது குறைவு. ஐந்து முதல் ஏழு அங்குலம், 2/0 அல்லது 3/0 முள். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் பெரிய மீன் வரும் என்பது உண்மைதான், ஆனால் நாள் முழுக்க அதை வீச உங்கள் தோள் சம்மதிக்க வேண்டுமே. மேலே மிதக்கும் ஃப்ளை ஒன்று வேண்டுமென்றால் டால்பர்க் டைவர். மான் மயிரை வெட்டிச் செய்த அந்தக் கழுத்துப்பட்டை, இழுத்தால் ஃப்ளையை முக்கும், விட்டால் மிதந்து வரும். களைக்கு மேலே இதைவிடச் சுகமானது இல்லை.

பைக்கின் பல் அறுத்துவிடாமலிருக்க, தூண்டில் லைன் முனையில் ஓரடிக்கு முடிச்சுப் போடக்கூடிய வயர் கட்டாயம். கடித்ததும் ட்ரவுட் மீனுக்குத் தூக்குகிற மாதிரி ராடை (தூண்டில் கோலை) தூக்காதீர்கள், ராட் மீனை நோக்கியே இருக்கட்டும், கையால் லைனை நீளமாக ஓர் இழு. அப்புறம் 2018 முதல் மினசோட்டாவின் வடகிழக்கு மண்டலத்தில் 30 முதல் 40 அங்குல பைக்கைத் திரும்ப விட்டுவிட வேண்டும், அளவுகோல் கையோடு இருக்கட்டும்.

ஸ்மால்மவுத் விஷயத்தில் நிறுத்துவது இன்னும் முக்கியம். அது பாறைக்கு மேலே நின்றுகொண்டு, கீழே இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பாப் கிளவுசர் பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றில் இந்த மீனுக்காகவே உருவாக்கிய கிளவுசர் மின்னோ ஃப்ளையில் ஈய டம்பெல் கண்கள் இருக்கும், அதனால் முள்முனை மேல்நோக்கியே போகும், பாறையில் அதிகம் சிக்காது. வீசிவிட்டுச் சும்மா இறங்க விடுங்கள். கடி கையில் தெரியாது, தண்ணீர் மேல் கிடக்கும் லைன் ஒரு விரற்கடை நகரும், அதுதான் கடி. சாயங்காலம் காற்று அடங்கினால் பாப்பர், தண்ணீர் மேல் மிதந்து சத்தம் போடும் ஃப்ளை. அது விழுந்த இடத்து நீர்வட்டங்கள் எல்லாம் கலையும்வரை அசைக்கக் கூடாது. சொல்வது சுலபம்!

வள்ளக்காரன்:

நிறுத்துவது பற்றி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நிறத்தை அப்படித் தள்ளிவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரொறன்ரோவிலிருந்து நாங்கள் அடிக்கடி போவது ஃபிரெஞ்ச் ஆறு, நெடுஞ்சாலை 69-ல் சட்பரிப் பக்கமாக. அங்கே பல இடங்களில் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். வெள்ளை ஃப்ளை நாலடிக்குக் கீழே போனால் மங்கிப் பழுப்பாகிவிடும். கறுப்பு, செம்பு, செம்மஞ்சள் இந்த மூன்றும்தான் அங்கே எனக்கு உதவுகிறவை. மச்சானும் நானும் ஒரே வள்ளத்தில், ஒரே அளவு ஃப்ளை, அவர் வெள்ளை, நான் கறுப்பு. மத்தியானம்வரை அவருக்கு ஒன்றும் இல்லை, பிறகு என் பெட்டியைத் திறந்து கேட்காமலே ஒன்றை எடுத்துக் கட்டினார், கொஞ்ச நேரத்தில் அவருக்கும் விழுந்தது. இதை வைத்து விஞ்ஞானம் பேச முடியாதுதான், ஆனாலும் என் பெட்டியில் பாதி கறுப்பு.

பேரேரிகளில் ஸ்மால்மவுத் பிடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. 1990-ல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் கண்ட ரவுண்ட் கோபி என்கிற வெளிநாட்டு மீன் இப்போது ஏரியெல்லாம் பரவிவிட்டது, பாஸ் அதைத்தான் தின்று கொழுக்கிறது. கோபிக்குக் காற்றுப் பை கிடையாது, அதனால் அடியிலேயே கிடந்து துள்ளித் துள்ளிப் போகும். அகலத் தலை, பாசிப் பழுப்பு நிறம், கனமான கண், இப்படி ஒன்றைக் கட்டி அடியில் ஊர விடுங்கள். நடுத்தண்ணீரில் நீந்தினால் அது கோபியே இல்லை.

கூடு காக்கிற ஆண் பாஸுக்கு மட்டும் எதையும் போடாதீர்கள். கல்லுக்கு நடுவே வெளுத்த வட்டத்தின் மேல் ஒரு மீன் நகராமல் நின்றால் அதுதான். அதைத் தூக்கிய மறு நிமிடம் சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும்.

குளிர்க்காடு:

நான் வின்னிபெக். ஃபால்கன் ஏரியில் இரண்டு மீனும் உண்டு, ஒரே களையோரத்தில் மாறி மாறி வரும். மானிடோபாவில் பார்ப் (முள்முனையின் எதிர்க்கொக்கி) நசுக்கிய முள்தான் சட்டம், எல்லைக்கு வடக்கே குவெட்டிகோ பூங்காவிலும் அப்படியே, அங்கே உயிர் இரையும் கூடாது. பைக் வாயிலிருந்து முள்ளைக் கழற்றியவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். நீள மூக்குக் குறடு இல்லாமல் போகவே போகாதீர்கள்.

முயல் தோல் கீற்றில் கட்டிய ஃப்ளை பற்றி யாரும் எழுதவில்லையே? தண்ணீரில் அது நெளிகிற நெளிவுக்கு ஈடே கிடையாது. ஆனால் ஊறியபின் ஈரத்துண்டை வீசுகிற கதைதான், காற்று எதிரே அடித்தால் நேராக முதுகில் வந்து அறையும். நான் இப்போது செயற்கை இழைக்கு மாறிவிட்டேன், ஒரு உதறலில் தண்ணீர் போய்விடுகிறது. நெளிவு கொஞ்சம் குறைவுதான், ஆனால் சாயங்காலம்வரை வீச முடிகிறது.

ஒரே ஒரு ராட் கொண்டுபோவதென்றால் எத்தனையாம் நம்பர் எடுப்பீர்கள்? இரண்டைச் சுமந்துகொண்டு, ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே கனூவைத் தூக்கிப் போகும் போர்ட்டேஜ் நடக்க எனக்குப் பொறுமை இல்லை.

மினியாபொலிஸ்வாசி:

எட்டுதான். ஸ்மால்மவுத்துக்குக் கொஞ்சம் கனம், பெரிய பைக் ஃப்ளைக்குக் கொஞ்சம் ஒல்லி, ஆனால் ஃப்ளை ஐந்தாறு அங்குலத்துக்குள் நின்றால் இரண்டையும் சமாளிக்கும். மிதக்கும் லைன் ஒன்று, மெதுவாக இறங்கும் இன்டர்மீடியட் ஒன்று, இரண்டாவதை உதிரிச் சுருளில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலைக்குப் பிறகு போனால் பெரிய பைக் குளிர்ச்சி தேடி சிஸ்கோ என்கிற இரைமீன் கூட்டத்தோடு ஆழத்துக்குப் போய்விடும், களையில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் பொடிசுகள். அந்த நேரத்தில் பைக்கை மறந்துவிட்டு பாப்பரோடு பாறைப்பக்கம் போவதுதான் என் வழக்கம்.

வள்ளக்காரரே, கறுப்பு விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோபி ஃப்ளைக்குத் தலை எதில் கட்டுகிறீர்கள், மான் மயிரா, கம்பளி மயிரா? மான் மயிர் மிதந்துவிடாதா?