நாய்க்கு நம் ஊர்க் காய்களில் எதெல்லாம் கொடுக்கலாம்?

எங்கள் சிப்பிப்பாறை இன நாய்க்குச் சோறும் கோழியும்தான் சாப்பாடு, கூடவே காய்கறியும் சேர்க்கிறேன். வெங்காயம், பூண்டு எப்படிக் கொடுத்தாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது, அதனால் சாம்பார் சோறு அடியோடு கிடையாது, வீட்டில் பெரியவர்கள் "அந்தக் காலத்து நாயெல்லாம் அதைத்தானே தின்னுச்சு" என்று சொன்னாலும் சரி. கேரட், பீன்ஸ், பரங்கிக்காயை உப்பும் தாளிப்பும் இல்லாமல் வேகவைத்து மசித்துப் போட்டால் தட்டை வழித்து நக்கிவிடுகிறது. பச்சைக் கேரட் மட்டும் துண்டு துண்டாக அப்படியே மலத்தில் வந்துவிடுகிறது.

புடலை, பீர்க்கை, சுரைக்காய், முருங்கைக்கீரை யாராவது தொடர்ந்து கொடுக்கிறீர்களா? சுரைக்காய் கசந்தால் நமக்கே ஆபத்து, அதனால் நாய்க்குப் போடும் முன் ருசி பார்ப்பீர்களா? அப்புறம், ஒரு வேளைச் சோற்றில் காய் எவ்வளவு இருக்கலாம்? கால்நடை மருத்துவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.