கீழே ‘தோற்றம் – மறைவு’ போட்டால் போதும்

கைவினைஞர்களைப் படம் பிடித்தவர்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது பாதி தோல்விக் கதை.

ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை. அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியம் கடையும் பெரியவர் ஒருவரின் பெயரில் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்க வேண்டும் என்று அவருடைய பேரனுக்கு ஆசை. விசிட்டிங் கார்டுக்கும் அதே படம்தான். “நிழலும் வெளிச்சமுமாக, அழுத்தமாக இருக்க வேண்டும் அண்ணா” என்றான்.

பட்டறையில் எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். ஒன்றைக் கருப்புக் கம்பளியால் அடைத்தேன். பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, “சிரிக்க வேண்டாம் ஐயா, நேராகப் பாருங்கள்” என்றேன். பாதி முகத்தில் வெளிச்சம், முதுகுக்குப் பின்னால் கும்மிருட்டு. கேமராத் திரையில் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மருமகளிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கீழே தோற்றம், மறைவு என்று தேதி போட்டால் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிவிடலாம் தம்பி” என்றார். முதலில் சிரித்தது பெரியவர்தான். சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “நான் இருக்கிறேன். வாத்தியம் எங்கே?”

உண்மைதான். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணையும் உத்தரத்தையும் வாங்கி, அந்த ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். கடைந்து முடித்ததும் மரம் கரிய நிறத்தில் நிற்கும். கருப்புக்கு முன்னால் கருப்பை வைத்தால் என்ன தெரியும்? வாத்தியத்தின் அடியில் விரியும் அணசின் விளிம்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

பிற்பகலில் கம்பளியை ஒரு சாண் விலக்கினேன். பின்பக்கமிருந்து வந்த அந்த வெளிச்சம் உலவின், அதாவது நீண்ட குழலின், ஓரமெங்கும் கோடாக ஓடியது. வாத்தியம் இருட்டிலிருந்து பிரிந்து வந்தது. நாற்காலியை எடுத்துவிட்டு, “உங்கள் வேலையைப் பாருங்கள் ஐயா” என்று ஒதுங்கிக்கொண்டேன். துளை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, அவர் மரத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடினார். திறந்திருந்த கண்ணில் ஜன்னல் தெரிந்தது, புருவத்தில் மரத்தூள். 50 எம்.எம். லென்ஸ், நொடியில் 60இல் ஒரு பங்கு. விரல்கள் லேசாகக் கலங்கியிருந்தன, பரவாயில்லை. கார்டில் இருப்பது அந்தப் படம்தான்.

வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்தபடி ஒன்று எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான்!

முதல் பதில்

சுவாமிமலையில் எனக்கும் இப்படித்தான் ஆயிற்று. சிலை வார்க்கப் பஞ்சலோகம் ஊற்றும் காட்சியைத் தவிர வேறெதையும் யோசிக்காமல் போயிருந்தேன். ஊற்றுவது சில நொடிகள்தான். உருகிய உலோகத்தின் ஒளிக்கு ஏற்ப கேமராவை வைத்தேன். ஸ்தபதியின் முகம் கரிக்கட்டை ஆகிவிட்டது. நெருங்கிப் போகவும் விடவில்லை. மண் அச்சில் ஈரம் இருந்துவிட்டால் உலோகம் தெறிக்கும் என்றார். மறுநாள் மெழுகு வேலையின்போது போனேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருவத்தை மடியில் வைத்துக்கொண்டு, சூடான கரண்டியால் அதன் விரல் நகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெளியூரிலிருந்து முதல் விசாரணை வந்ததாகச் சொன்னார்.

இரண்டாவது பதில்

எங்கள் ஊர்க் குயவர் ஒருவரைப் படம் எடுத்து, கணினியில் நிழலை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிரிண்டைக் கையில் வாங்கியவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “நான் கருப்புதான். இவ்வளவு கருப்பு இல்லையே, சார்?” என்றார். அன்று இரவே கணினியில் திருத்தி, மறுநாள் வேறு பிரிண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.