மறுமொழி: கம்ப்ரசருக்குத் தமிழ்ச்சொல் – அமுக்கியா, அடக்கியா?

அண்ணாச்சிமாருக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒலிப்பதிவில் உரத்த சத்தத்தைத் தணித்துச் சமன்செய்கிற கம்ப்ரசர் என்ற கருவிக்குத் தமிழ்ப்பேர் தேடுகிற இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாளையங்கோட்டையில் சின்ன ஸ்டுடியோ வைத்து, கோயில் கொடைக் காலத்தில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பதிவு செய்து, மற்ற நாளில் அவற்றைக் கலவை பண்ணிப் பிழைக்கிறவன். நாள் முழுக்கக் கையில் புழங்குகிற சாமானுக்குப் பேர் வைக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

> காற்றுக் கம்ப்ரசரை அமுக்கி என்கிறோம். இதற்கும் அமுக்கி என்றே வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது அண்ணாச்சி. நாம் காற்றழுத்தத் தாழ்வு என்பதை யாழ்ப்பாணத்தார் தாழமுக்கம் என்கிறார்கள். அவர்களுக்கு அமுக்கம் என்றாலே அழுத்தம்தான். நம் பக்கமோ, 'அமுக்கிட்டான்' என்றால் பணத்தைச் சுருட்டிவிட்டான் என்று பொருள். வாயைத் திறக்காமல் காரியம் பார்க்கிறவன் அமுக்குணி. (எல்ஏ-2ஏ என்கிற பழைய கருவி மாதிரி ஒரு கம்ப்ரசருக்கு அமுக்குணி என்பது பொருத்தமான பட்டப்பேர்தான். அதை வேறொரு நாள் பேசலாம்.)

இதெல்லாம் சில்லறைக் குறை. பெரிய குறை, அந்தச் சொல் வேலையைத் தப்பாகச் சொல்லுகிறது என்பது. காற்றுக் கம்ப்ரசர் நிறையக் காற்றைச் சின்ன இடத்தில் திணிக்கிறது. கோப்பைச் சுருக்குகிற மென்பொருளும் ஒருவகையில் அதையே செய்கிறது. நம்முடைய கம்ப்ரசர் எதையும் திணிப்பதில்லை. பாட்டின் நீளம் குறையாது, கோப்பின் அளவும் குறையாது. உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் மட்டும் குறையும். 'சுருக்கி'யையும் நான் ஒதுக்குவது இதனால்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். குளம் நிறைகிறவரைக்கும் மறுகாலுக்கு வேலையே இல்லை. அந்த மட்டத்தைத் தாண்டினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும். (நாங்குநேரி பக்கம் மறுகால்குறிச்சி என்று ஊரே இருக்கிறது.) அதற்காக நீர்மட்டம் அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. மறுகால் பாயும்போதும் வரத்து கூடினால் மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். மறுகால் அகலமாக இருந்தால் குறைவாக ஏறும், குறுகலாக இருந்தால் கூடுதலாக ஏறும். விகிதம் என்கிற குமிழ் இந்த அகலம்தான். 4:1 என்றால், ஒலி அந்த மட்டத்தை 4 டெசிபல் தாண்டி வந்தாலும் வெளியே 1 டெசிபல்தான் கூடும். 20:1 ஆக்கினால் ஏறக்குறைய ஏறவே விடாது. அதைத்தான் லிமிட்டர் என்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் செருகிகளாக (கணினியில் போடுகிற பிளகின்களாக) பயன்படுத்துகிற பழைய கருவிகள் பலவற்றின் பேரில் கம்ப்ரசர் என்ற சொல்லே கிடையாது. 1960களின் டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏயில் வரும் 'எல்ஏ', லெவலிங் ஆம்ப்ளிஃபையர், அதாவது மட்டம் பிடிக்கிற பெருக்கி. அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176, லிமிட்டிங் ஆம்ப்ளிஃபையர். 20 வால்வுகளோடு ஏறக்குறைய 30 கிலோ கனத்த ஃபேர்சைல்ட் 670க்கும் லிமிட்டர் என்றுதான் பேர். செய்தவர்களே மட்டத்தையும் வரம்பையும்தான் நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பிறகு பொதுவாகிப்போன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் ஏன் 'அமுக்கு' என்று அகராதி தேட வேண்டும்?

> அப்படியானால் மட்டுறுத்தி?

பொருள் கச்சிதம். ஆனால் இந்தக் குழுமத்தில் மட்டுறுத்துநர் என்று ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நாம் சத்தம் போடும்போது அவர் செய்கிற வேலையும் இதுதான் என்பதால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் சிக்கல் வேறு. கலைச்சொல் என்றால் அதை ஏவலாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கலவை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து 'குரலை இன்னும் 2 டெசிபல் மட்டுறுத்து' என்று எவனும் சொல்லப்போவதில்லை. 'மட்டி' என்று சுருக்கலாம் என்றால், திட்டுகிற மாதிரி இருக்கும். நாகர்கோவில்காரர்கள் வாழைப்பழம் என்று நினைப்பார்கள்.

என் வாக்கு 'அடக்கி'க்கு. மேளக்காரர்களிடம் 'அடக்கி வாசி' என்பது அன்றாடப் பேச்சு. அடக்கு, அடக்கி, அடக்கல், அடக்கு விகிதம் என்று கிளைவிடவும் செய்யும். 'ஒலி' சேர்த்து ஒலியடக்கி ஆக்க வேண்டாம். அது சத்தத்தையே கொல்லுகிற சைலன்சர் ஆகிவிடும். எல்ஏ-2ஏ வகைக்கு ஒளியடக்கி என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதையும் ஃபோனில் சொல்லிப் பாருங்கள், ளகரமும் லகரமும் அடித்துக்கொள்ளும். 'விளக்கடக்கி' என்றால் தப்பிக்கலாம்.

அந்த விளக்கு உண்மையான விளக்குதான். ஒலி கூடக் கூட உள்ளே ஒரு சிறு தகடு ஒளிரும். எதிரே இருக்கும் ஒளிமின்தடை அதைப் பார்த்துத் தன் தடையைக் குறைக்கும், ஒலி தணியும். ஒளி அணைந்ததும் அது சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பாது. பாதி தூரம் சுமார் 60 மில்லிநொடியில் வந்துவிடும், மீதிக்குச் சில நொடிகள் ஆகும். சித்திரை மாத உச்சி வெயிலில் நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் கண் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா, அந்தக் கணக்கு. கதை சொல்லுகிற குரலுக்கு இது அவ்வளவு இதமாக இருப்பதற்கு அந்தத் தாமதமே காரணம்.

ஒலி மட்டத்தைத் தாண்டியதும் கருவி அதை அடக்க எடுக்கிற நேரம் அட்டாக், பிறகு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கிற நேரம் ரிலீஸ். இந்த இரண்டுக்கும் 'தாக்கு நேரம், விடுவிப்பு நேரம்' என்று வந்திருந்தது. இங்கே யாரும் யாரையும் தாக்கவில்லை. பிடி, விடு போதும். மாட்டுவண்டிக்காரன் கயிற்றைப் பிடித்து விடுகிற மாதிரி. 1176இன் பிடிநேரம் 20 முதல் 800 மைக்ரோநொடி. அதாவது மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லிநொடிக்குள் பிடித்துவிடும். இது தெரியாமல் நான் பட்டதைச் சொல்லுகிறேன். ஒரு சுடலைமாடன் கொடைப் பதிவில் வில்லின் மணியோசை காதைக் குத்துகிறது என்று 1176 பாணிச் செருகியைப் போட்டேன். அதன் பிடிநேரக் குமிழை வலது பக்கம் திருப்பினால் வேகம் கூடும். நான் குறையும் என்று நினைத்துக் கடைசிவரை திருப்பிவிட்டேன். வீசுகோல் விழுகிற அந்த 'ணங்' போயே போய்விட்டது. போதாததற்கு மொத்தக் கலவை மேலும் இன்னொன்றை ஏற்றியிருந்தேன். சாமி வருகிற கட்டத்தில் பாட்டு ஏறவே இல்லை. கேட்டுவிட்டு, பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவி சொன்னார்: "என்னவே, பாட்டை அடக்கம் பண்ணிட்டீரு?"

அதனால் தொழிற்பெயர் மட்டும் 'அடக்கல்' என்றே இருக்கட்டும்.

– பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பிக்கு,

அடக்கிக்கு என் ஒப்புதல். பிடியும் விடுவும் நன்று. அடக்கி வேலையைத் தொடங்குகிற மட்டமான த்ரெஷோல்டுக்கு மறுகால் என்று வைக்கப்போகிறீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. எங்கள் சிவகங்கைச் சீமையில் அது கலுங்கு. இன்னொரு மாவட்டத்தில் வேறு பேர் இருக்கும். பள்ளியில் 'பயன்தொடக்க அதிர்வெண்' என்று படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு 'பயன்தொடக்க மட்டம்' என்றால் தானாகப் புரியும். இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் சொல்லுகிறேன். ஊர்ச்சொல்லின் மேல் பாசம் இருக்கலாம், ஆனால் கலைச்சொல் பட்டியலை எல்லா ஊரும் வாசிக்க வேண்டும்.

– சிவகங்கையிலிருந்து

*

ஐயா,

சரி, ஒத்துக்கொள்கிறேன். பட்டியலில் 'தொடக்கமட்டம்' என்று போடுவோம். 'பயன்' மட்டும் வேண்டாம், வாய் வலிக்கிறது. மறுகாலை விளக்கம் சொல்லும்போது வைத்துக்கொள்கிறேன்.

பழம்பாணிச் செருகியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1176 முகப்பில் தொடக்கமட்டத்துக்குக் குமிழே கிடையாது. உள்ளீட்டுக் குமிழ்தான். மறுகால் இருந்த இடத்தில் இருக்கும், குளத்துக்குள் எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதுதான் நம் கையில். எல்ஏ-2ஏயில் உச்சத்தைக் குறைக்க ஒன்று, குறைந்ததை ஈடுகட்ட ஒன்று, ஆக இரண்டே பெரிய குமிழ்கள். பிடிநேரமும் விடுநேரமும் அதன் முகப்பில் இல்லை. ஆகவே முதலில் முடிக்க வேண்டிய சொற்கள் உள்ளீடு, உச்சக்குறைப்பு, ஈடு. 'ஈடு' பற்றி யாருக்காவது மறுப்பு உண்டா? ஆங்கிலத்தில் 'நீ' (knee) என்று வரும், அடக்கல் தொடங்குகிற இடத்து வளைவுக்கு 'முழங்கால்' என்று மட்டும் யாரும் கொண்டுவராதீர்கள்.

நேற்று ஸ்டுடியோப் பையனிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன்: "குடத்தை ஒரு 3 டெசிபல் அடக்குலே." அப்படி என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. "எதுல அண்ணாச்சி, விளக்குலயா, 1176லயா?" என்றான்.

– பாளையங்கோட்டையிலிருந்து