மாஃபியா தீவுத் தபால்தலை அசலா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கா போன இந்தியப் படைகளின் தபால்களை நான்கு வருடமாகச் சேர்த்து வருகிறேன். 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியா) டாங்கா துறைமுகத்தில் இறங்கிய படையில் 63-வது பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. நான் பாளையங்கோட்டைக்காரன். அந்தப் பெயரைப் பார்த்த நாளில் பிடித்த ஆர்வம் இது.

அந்தப் படைகளுக்காக ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்தியத் தபால்தலைகளில் 'ஐ.இ.எஃப்.' (இந்தியப் பயணப்படை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மேலச்சு, அதாவது அச்சான தலையின் மேலேயே இன்னொரு அச்சு, போட்டார்கள். அவை எளிதாகக் கிடைக்கும். சிக்கல் இன்னொன்றில். ஜெர்மனியிடமிருந்து 1915 ஜனவரியில் பிரிட்டன் பிடித்த, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர மாஃபியா தீவில், அதே தலைகளின் மேல் 'ஜி.ஆர். போஸ்ட் மாஃபியா' என்று மறுபடியும் குத்தினார்கள். அப்படி ஓர் அரையணாத் தலை போன மாதம் ஒரு கண்காட்சியில் கிடைத்தது. சான்றிதழ் இல்லை. இதில் போலிகள் ஏராளம் என்பதால் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஓர் ஓரத்தில் மாஃபியா அச்சின் மை தபால் முத்திரைக்கு மேலே படிந்த மாதிரி தெரிகிறது. அப்படியென்றால் தலையைப் பயன்படுத்திய பிறகு யாரோ குத்தியது என்றுதானே அர்த்தம்? அல்லது என் கண்தான் ஏமாற்றுகிறதா?

அசல் தலை வைத்திருப்பவர்கள் எழுத்துகளின் அளவு தெரிகிற மாதிரி ஒரு படம் போட முடியுமா? அப்புறம், முத்திரையில் எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) எண் பாதிதான் விழுந்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் களத் தபால் நிலையங்களின் எண் பட்டியல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். என் தலையின் இரு பக்கப் படங்களையும் கீழே போடுகிறேன்.