கவுன்ட்டி கோர்ட்டில் என் பெயரைத் தேடிய கதை - உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நார்த் கரோலினாவிலிருந்து:

குடியுரிமைக்கு என்-400 படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்த அபராத டிக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. 2011-ல் ஐ-40 நெடுஞ்சாலையில், 65-ல் போக வேண்டிய இடத்தில் 80-ல் போய் மாட்டினேன். ஆபீஸில் எல்லோரும் சொன்னபடி ஒரு வக்கீலைப் பிடித்தேன், அவரே போய் முடித்துவிட்டு வந்தார், நான் கோர்ட் படியைக்கூட மிதிக்கவில்லை. இப்போது குடியேற்ற வக்கீல், அந்த கேஸ் எப்படி முடிந்தது என்பதற்கு முத்திரை வைத்த நகல் வேண்டும் என்கிறார். என்னிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை.

இது 2022-ல். எங்கள் மாநிலத்தில் கோர்ட் ஆவணங்களை வீட்டிலிருந்தே தேடும் போர்ட்டல் 2023 பிப்ரவரியில்தான் வந்தது, அதுவும் முதலில் வேக் உள்பட 4 கவுன்ட்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும். இப்போது 100 கவுன்ட்டிக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு நேரில் போவதைத் தவிர வழியில்லை. பெல்ட்டைக் கழற்றி, சில்லறையைத் தட்டில் கொட்டி உள்ளே போனால், பொதுமக்களுக்கென்று ஒரு ஓரத்தில் இரண்டு டெர்மினல். பார்த்தால் என் கல்லூரி லேபில் இருந்ததை விடப் பழசு. யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. ஊரில் வக்கீல் குமாஸ்தா இல்லாமல் ஒரு கேஸ் கட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா? எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யாருடைய பீரோவையோ திறக்கிற மாதிரி.

என் பெயரை அடித்தேன். ஒன்றும் இல்லை. அப்பா பெயரை அடித்தேன். இல்லை. இனிஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, ஒரு எழுத்தைக் குறைத்து, கூட்டி... அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் போனேன். அறுபது வயது இருக்கும், கண்ணாடிக்குச் சங்கிலி போட்டிருந்தார். டிக்கெட் வாங்கின வருஷத்தில் லைசன்ஸில் என்ன பெயர் இருந்தது என்று கேட்டார். அப்போதுதான் பொறி தட்டியது. என் முதல் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அதனால் விசா அடித்தபோது என் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்து, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிட்டார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அதற்கு அர்த்தம். லைசன்ஸும் அப்படியே வந்தது. டிக்கெட் எழுதும்போது அதுவும் தலைகீழாகி, எஃப்.என்.யூ. குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது.

அந்த அம்மா அந்த மூன்று எழுத்தையும் ஒரே பெயராக ‘ஃப்னூ’ என்று படித்து அடித்தார். திரை முழுக்க ஃப்னூக்கள். நம்ம ஆட்கள், ஆந்திரா ஆட்கள், பெயரைப் பார்த்தால் ஆப்கானிஸ்தான், இந்தோனேசியா போல இருந்தவர்கள், ஒற்றைப் பெயரோடு இந்த நாட்டுக்கு வந்த அத்தனை பேரும் ஒரே குடும்பமாக வரிசையில் நின்றார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “இந்த ஃப்னூ குடும்பம் இந்தியாவில் ரொம்பப் பெரிய குடும்பமா? எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறீர்கள்” என்றார். சத்தியமாகக் கிண்டல் இல்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

பிறந்த தேதியை வைத்து என்னைப் பிரித்து எடுத்தார். முதல் பக்கத்துக்கு 2 டாலர், அதன் பிறகு பக்கத்துக்கு 25 சென்ட், முத்திரைக்குத் தனியாக. கையில் வாங்கிப் பார்த்தால் இன்னொரு அதிர்ச்சி. வேகமாகப் போனதாகவே தீர்ப்பில் இல்லை, ‘வாகனத்தில் பழுது, ஸ்பீடோமீட்டர்’ என்று இருக்கிறது. இது என் கேஸே இல்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். “எல்லா வக்கீலும் இப்படித்தான் பேசி முடிப்பார்கள், இன்ஷூரன்ஸ் ஏறாமல் இருக்க” என்று அவர் விளக்கினார். பதினோரு வருஷமாக என் ஸ்பீடோமீட்டர் கோர்ட்டில் பழுதாகக் கிடந்தது எனக்குத் தெரியாது.

டெக்சஸிலிருந்து:

ஃப்னூ குடும்பத்தில் நானும் ஒரு மருமகள்தான் அண்ணா, சிரித்து முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் நெளிய வைக்கும், இருந்தாலும் யாருக்காவது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இங்கே விவாகரத்து ஆகி மூன்று வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வீட்டார் விவாகரத்துத் தீர்ப்பின் சர்ட்டிஃபைடு காப்பி, அதில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்விதான். தம்பி நேராகக் கவுன்ட்டி கிளார்க் ஆபீசுக்குப் போனான், முதல் கல்யாணத்துக்கு லைசன்ஸ் வாங்கின இடம் என்பதால் வழி தெரியும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, இது இங்கே இல்லை என்றார்கள். டெக்சஸில் பெரும்பாலான கவுன்ட்டிகளில் கவுன்ட்டி கிளார்க் வேறு, டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வேறு, இரண்டு பேருமே தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். கல்யாண லைசன்ஸ், நிலப் பத்திரம், உயில், சின்னக் குற்ற வழக்குகள் கவுன்ட்டி கிளார்க்கிடம். விவாகரத்தும் பெரிய குற்ற வழக்கும் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். சேர்வதை ஒருத்தர் எழுதுகிறார், பிரிவதை இன்னொருத்தர் எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

காப்பி பக்கத்துக்கு 1 டாலர். தீர்ப்பு முப்பது பக்கத்துக்கு மேல், யாருக்கு எந்த சோபா என்பது வரைக்கும் எழுதியிருந்தது. அதை ஆஸ்டினில் உள்ள மாநில அரசின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பினால் 15 டாலருக்கு அப்போஸ்டில் குத்தித் தருவார்கள். ஒன்று கவனியுங்கள், கிளார்க்கின் முத்திரையோடு வந்த அசல் காப்பியைத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி நாங்கள் மூன்று வாரம் விட்டோம்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. பேப்பர் கோயம்புத்தூர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே பெண்ணின் சித்தப்பா, அவர் இங்கே பக்கத்து ஊர்தான், கோர்ட்டுக்குப் போய் மொத்தக் கட்டையும் படித்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, “தம்பி, அந்த இரண்டாவது மனுவில் கார் லோன் பற்றி ஏதோ போட்டிருக்கே, அது முடிஞ்சிருச்சா?” என்றார். தம்பி முகம் வெளிறிப்போய்விட்டது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர், வங்கிக் கணக்கு நம்பர் மாதிரி விஷயங்களைத்தான் மறைப்பார்கள், மற்றபடி புருஷனும் பெண்டாட்டியும் கோபத்தில் எழுதிக் கொடுத்த எல்லாமே யார் கேட்டாலும் கிடைக்கும். பத்துப் பொருத்தம் பார்க்கிற காலம் போய் இது பதினோராவது பொருத்தம் ஆகிவிட்டது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சித்தப்பாவோடு தம்பி இன்னும் அளந்துதான் பேசுகிறான்.

நியூயார்க்கிலிருந்து:

அக்கா, உங்கள் தம்பி எங்கள் பக்கம் இருந்திருக்கலாம். நியூயார்க்கில் விவாகரத்துக் கட்டைக் கணவன், மனைவி, அவர்களுடைய வக்கீல் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டார்கள், கோர்ட் உத்தரவு இருந்தால் ஒழிய. சித்தப்பா வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்.

எங்கள் ஊர் குழப்பம் வேறு. இங்கே கவுன்ட்டி அளவில் இருக்கிற கோர்ட்டுக்குப் பெயரே சுப்ரீம் கோர்ட். அதன் ஆவணங்கள் கவுன்ட்டி கிளார்க்கிடம் இருக்கும். மேலே இருக்கிற உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். வாடகை முன்பணம் விஷயமாக ஒரு பேப்பர் எடுக்கப் போனதை மதுரைக்குப் போனில் சொன்னேன், அப்பா பதறி, “சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிட்டியாப்பா, சமாதானமாப் போயிருக்கக் கூடாதா” என்றார். இன்னும் சொந்தக்காரர்கள் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து:

நான் போனது என் கேஸுக்கு இல்லை, சமையலறையை இடித்துக் கட்ட ஒரு கான்ட்ராக்டரைப் பார்த்திருந்தோம், அவரைத் தெரிந்துகொள்ள. லைசன்ஸ் சரியாக இருந்தது, ரிவியூ எல்லாம் ஐந்து நட்சத்திரம். என் மனைவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கவுன்ட்டி சுப்பீரியர் கோர்ட் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டேன், சுத்தம். அவள், ஆள் பெயரைப் போடு என்றாள். போட்டால் ஸ்மால் க்ளெய்ம்ஸில், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான பிரிவில், மூன்று கேஸ், மூன்றும் முன்பணம் வாங்கிவிட்டு வராமல் போனதாக வாடிக்கையாளர்கள் போட்டது. கம்பெனி பெயரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர் சொந்தப் பெயரை மாற்ற முடியுமா? அன்றிலிருந்து யாரிடம் செக் கொடுப்பதற்கு முன்னாலும் இரண்டு பெயரையும் தேடுகிறேன்.

காப்பி பக்கத்துக்கு 50 சென்ட். கோர்ட் ஊழியர் உங்களுக்காகத் தேடி அது 10 நிமிடத்தைத் தாண்டினால் தேடுகூலி 15 டாலர். அதனால் கேஸ் நம்பரை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போங்கள், நம்பர் இருந்தால் இரண்டு நிமிடம்.

எல்லாமே ஆன்லைனில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவில் கேஸ் பேப்பர்கள் வரும். குற்ற வழக்கு, குடும்ப வழக்கு ஆவணங்களைப் படிக்க நேரில்தான் போக வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போடும் கேஸ் இன்னும் இறுக்கம், முதல் 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால் அது பொதுவுக்கு வரும், இல்லையென்றால் பெரும்பாலும் மூடினது மூடினதுதான். கேஸ் போட்டாலே வாடகைக்காரர் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு இது சரி என்றுதான் படுகிறது.

ஃப்னூ அண்ணனுக்கு ஒரு தகவல், நீங்கள் இங்கே இருந்திருந்தால் தப்பித்திருக்க மாட்டீர்கள். ரிவர்சைட் கவுன்ட்டி சம்பந்தமாக 2021-ல் வந்த அப்பீல் தீர்ப்புக்குப் பிறகு, கோர்ட் தளத்தில் குற்ற வழக்குகளைப் பிறந்த தேதி, லைசன்ஸ் நம்பர் வைத்துத் தேட விடுவதில்லை. பெயர் மட்டும்தான். குமார் என்று அடித்தால் வருகிற கூட்டத்தில் எந்தக் குமார் நம்ம குமார்?

வர்ஜீனியாவிலிருந்து:

சின்னக் கேள்வி. நான் ஒரு கவுன்ட்டி கோர்ட்டுக்கு ஃபோயா மனு அனுப்பினேன், நம்ம ஊர் ஆர்.டி.ஐ. மாதிரி என்று நினைத்து. பொருந்தாது என்று ஒரே வரியில் பதில். பேஸர் தளத்திலும் கணக்குத் தொடங்கித் தேடினேன், கேஸே இல்லை. எங்கே தப்பு?

நியூ ஜெர்சியிலிருந்து:

தம்பி, இரண்டுமே வேறு கடை. ஃபோயா என்கிற மத்திய சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கு மட்டும்தான், கோர்ட்டுக்குச் செல்லாது. பேஸர் ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு. அதில் பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் காசே கேட்க மாட்டார்கள், ஆனால் கவுன்ட்டி கேஸ் அங்கே இருக்காது. கேஸ் நடந்த கவுன்ட்டியின் கிளார்க்கிடமே கேளுங்கள், மனு எழுதத் தேவையில்லை, ஒரு ஃபாரம் போதும். கூகுளில் தேடினால் முதலில் வருகிற, ‘உங்கள் ஆவணம் தயார், 29 டாலர் கட்டுங்கள்’ தளங்களில் கார்டு நம்பரைப் போட்டுவிடாதீர்கள். மாதா மாதம் பிடிப்பார்கள், எனக்கு நாலு மாதம் பிடித்தார்கள்.

நான் ரிட்டையர் ஆனவன். போன வருஷம் முப்பது வருஷ சிநேகிதர் ஒருவர் தவறிவிட்டார். அவர் மனைவியை அழைத்துக்கொண்டு உயிலை எடுத்துப் போனேன். இங்கே உயில் விவகாரம் பார்க்கிற அலுவலகத்துக்கு சரகேட் என்று பெயர், 21 கவுன்ட்டிக்கும் ஒவ்வொன்று. போர்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம் மெதுவாக, “அண்ணா, இது வாடகைத்தாய் சமாச்சாரம் இல்லையா?” என்று கேட்டார். அவர் இறந்த பிறகு அந்த அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இறந்து 10 நாள் தாண்டினால்தான் உயிலை ஏற்பார்கள் என்பதால் அதற்கு முன் போய் அலைய வேண்டாம். பேங்குக்கு, இன்ஷூரன்ஸுக்கு, கார் பெயர் மாற்ற என்று ஒவ்வொரு இடத்திலும் சரகேட் கொடுக்கிற சர்ட்டிஃபிகேட்டை அசலாகக் கேட்பார்கள். ஒன்று 5 டாலர்தான், பத்தாக வாங்கிவிடுங்கள்.

உயில் பதிவானால் அதுவும் பொது ஆவணம். ஒரு மாதத்தில் அந்த அம்மாவுக்குத் தபால் குவிய ஆரம்பித்தது. ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்’ என்று. கையெழுத்து மாதிரியே அச்சடித்த கடிதங்கள். சாவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை விட அவை அதிகம். ஆவணம் திறந்திருக்க வேண்டும் என்று நானும் சொல்கிறவன்தான், ஆனால் அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஏதாவது பதில் போட வேண்டுமா அண்ணா என்று அவர் கேட்கும்போது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கிழித்துப் போடுங்கள் அம்மா என்றேன்.

டெக்சஸிலிருந்து:

ஐயா, என் அத்தைக்கும் அப்படி வந்தது. அதில் ஒன்றைச் சொந்தக்காரர் கடிதம் என்று நினைத்துப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

அது இருக்கட்டும், இழையைத் தொடங்கிய அண்ணா, ஒரு சந்தேகம். கைது இல்லாமல், அபராதம் 500 டாலருக்குக் கீழே, குடி விவகாரமும் இல்லையென்றால் டிராஃபிக் டிக்கெட்டுக்குப் பேப்பர் இணைக்க வேண்டாம் என்று என்-400 குறிப்பில் படித்த ஞாபகம். நீங்கள் போகவே தேவையில்லையோ?

நார்த் கரோலினாவிலிருந்து:

சகோதரி, அந்த வரியை நான் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரிதான் படித்தேன். படிவத்தில் டிக்கெட்டைச் சொல்லியே ஆக வேண்டும், பேப்பர்தான் வேண்டாம். வக்கீல், எதற்கும் கையில் இருக்கட்டும் என்றார். இன்டர்வியூவில் அந்த அதிகாரி பேப்பரை வாங்கி மூன்று நொடி பார்த்துவிட்டு, “ஸ்பீடோமீட்டரைச் சரி செய்துவிட்டீர்களா?” என்று கேட்டார். அந்தக் காரை விற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. சத்தியம் செய்து உட்கார்ந்திருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது, உண்மையைச் சொன்னால் ஸ்பீடோமீட்டரில் பழுதே இல்லை. “கார் இப்போது என்னிடம் இல்லை சார்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதே படிவத்திலேயே பெயர் மாற்றமும் கேட்டிருந்தேன், நீதிபதி முன்னால் சத்தியப் பிரமாணம் எடுத்தபோது அதுவும் முடிந்தது. போர்ட்டல் வந்த பிறகு ஆசைக்குப் புதுப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஃப்னூ என்று போட்டேன். குடும்பம் இன்னும் பெருகியிருக்கிறது.