கடலூர்ல யாராச்சும் வழி சொல்லுங்க, பையன ஸ்கூல்ல அடிச்சிருக்காங்க

வணக்கம்ங்க, நாங்க திருப்பாதிரிப்புலியூர், பையன் நாலாவது படிக்கிறான். ஞாயித்துக்கிழமை எண்ணெ தேய்ச்சு விடும்போதுதான் பாத்தேன், கெண்டைக்கால்ல நாலு தடிப்பு, ஸ்கேல் அகலத்துக்கு கன்னிப்போயிருக்கு, கை பட்டதும் காலை இழுத்துக்கிட்டான், கேட்டா விழுந்துட்டேம்மான்னுட்டான், ராத்திரி தூக்கத்துல "எழுதிட்டேன் மிஸ், எழுதிட்டேன் மிஸ்"னு பொலம்புனப்பதான் எனக்கு வெளங்குச்சு, வயிறு எரிஞ்சுபோச்சு.

மறுநாள் ஹெச்.எம்.மை போய் பாத்தா "நாமல்லாம் அடி வாங்காமயா படிச்சோம்"ங்கிறாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுலயே அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுன்னு தெளிவா இருக்கு, அத சொன்னா மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க.

குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணி சொல்லிட்டேன். ஜிஹெச்ல காட்டி சீட்டு வாங்கியாச்சு, போட்டோவும் எடுத்து வச்சிருக்கேன். இப்போ மனுவ முதல்ல சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல குடுக்கறதா, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுக்கறதா? கல்வித்துறையோட 14417 நம்பர்ல சொன்னவங்க யாராச்சும் இருந்தா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. போலீஸ்ல குடுத்தா புள்ளைய ஸ்டேஷனுக்கு வரச்சொல்வாங்களோன்னுதான் பயமா இருக்கு, திரும்பத் திரும்ப அவன்கிட்ட அதையே கேட்டா தாங்கமாட்டான்.

அவங்க அப்பா டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல் பாக்கலாம்ங்கிறாரு. அதே கிளாஸ்ல மத்த புள்ளைங்க இருக்குதுங்களே, அதுங்கள விட்டுட்டு எப்படிங்க போறது?

குழந்தைங்களுக்கு கவுன்சிலிங் குடுக்குறவங்க கடலூர், பாண்டி பக்கம் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. பையன் பேரு, ஸ்கூல் பேரு மட்டும் கமெண்ட்ல கேக்காதீங்க ப்ளீஸ்.